ஆறு அறை, ஒரு குழல்: இலக்கு சுடப் புது ரிவால்வர் வாங்குபவர்களுக்கு

பிஸ்டலிலும் ரைஃபிளிலும் தோட்டா உட்காரும் அறை, குழலின் பின்முனையிலேயே குடையப்பட்டிருக்கும். அறையும் குழலும் ஒரே இரும்பு. ரிவால்வரில் அப்படி இல்லை. சிலிண்டர் தனி, குழல் தனி. ஆறு அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வந்து அந்த ஒரே குழலுக்கு நேராக நிற்க வேண்டும். குண்டு அறையை விட்டு, ஒரு சிறு இடைவெளியைத் தாண்டி, குழலுக்குள் நுழைய வேண்டும். ஆறு அறைகளும் ஒரே மாதிரி நேராக நிற்கின்றனவா என்பதில்தான் ரிவால்வரின் துல்லியம் பெரும்பாலும் இருக்கிறது. கடையில் எடுத்துப் பார்ப்பதும், ரேஞ்சில் முதல் இரண்டு மூன்று பெட்டி தோட்டாக்களைச் செலவழிப்பதும் இந்தக் கேள்விக்கு விடை காணத்தான். பலர் இதைப் பார்க்காமலே குறியைத் திருகவும், ட்ரிகரை லேசாக்கவும், பிடியை மாற்றவும் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஸ்மித் அண்ட் வெஸன் 686, ஆறு இஞ்ச் குழல் உள்ளதை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இலக்கு சுடுபவர்களிடம் பரவலாக இருக்கிற ரிவால்வர்களில் ஒன்று. 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன்பு அதே நிறுவனத்தின் சிறிய ‘கே’ சட்டத்தில் (சட்டம் என்பது குழலையும் சிலிண்டரையும் தாங்கும் உடற்பகுதி, ஃபிரேம்) .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுட்டவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. குழலின் பின்வாயில் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்ததால், எடை குறைந்த வேகமான தோட்டாக்களை நிறையச் சுட்டால் அந்த இடத்தில் விரிசல் விட்டது. அதைச் சரிசெய்யக் கொஞ்சம் பருமனாகச் செய்ததுதான் ‘எல்’ சட்டம். பிடியின் அளவு மட்டும் பழைய ‘கே’ அளவுதான். துருப்பிடிக்காத எஃகு, குழலின் முழு நீளத்துக்கும் அடியில் கனமான பட்டை, எடை ஒன்றேகால் கிலோவை ஒட்டி. ரூகர் ஜிபி100, 2020-இல் மீண்டும் வந்த கோல்ட் பைத்தான் இரண்டுக்கும் கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

ஏன் ஆறு இஞ்ச்? குழல்முனையில் உள்ள முன்குறிக்கும் சட்டத்தின் மேலே உள்ள பின்குறிக்கும் இடையே தூரம் கூடக்கூட, குறி சற்றே விலகினாலும் கண்ணுக்குத் தெரியும். எட்டேகால் இஞ்சுக்கு மேல் நீளும் குழல்களும் உண்டு. ஆனால் முன்பக்கம் கனத்து, பத்து நிமிடம் ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தால் தோள் விட்டுப்போகும். இன்னொரு காரணமும் உண்டு. பன்னாட்டு விதிப்படி 25 மீட்டர் சென்டர் ஃபயர் (ஊசி தோட்டாவின் அடியில் நடுவே அடிக்கும் வகை) போட்டியில் குழல் 153 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, எடை 1,400 கிராமுக்கு மேல் போகக் கூடாது, ட்ரிகர் 1,000 கிராமாவது தாங்க வேண்டும். ஆறு இஞ்ச் என்றால் 152.4 மி.மீ. மயிரிழையில் உள்ளே. அந்தப் போட்டியில் இன்று பெரும்பாலானோர் .32 வாட்கட்டர் (தட்டை முகக் குண்டு) பிஸ்டல்தான் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டின் ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 590 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். வெற்றி ஒன்றே நோக்கம் என்றால் ரிவால்வர் முதல் தேர்வு இல்லை. ட்ரிகரைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

686-இன் பெயர் .357 மேக்னம் என்றாலும் இலக்குக்கு அதில் சுடுவது .38 ஸ்பெஷல். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் கூடு .38-இல் 29.3 மி.மீ. நீளம், .357 கூடு 32.8 மி.மீ. குட்டையானது நீளமான அறையில் தாராளமாக உட்காரும். .38-க்கென்று செய்த துப்பாக்கியில் .357 நுழையாமல் இருக்கத்தான் இந்த நீள வித்தியாசமே வைக்கப்பட்டது.

வாங்கும் முன் சட்டம்

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது விசா விஷயம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. வாங்குவது மட்டும்தான் தடை என்று நினைத்து, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் வாங்கினாலே ‘வைத்திருத்தல்’ என்றுதான் சட்டம் பார்க்கும். நாளைக்கு கிரீன் கார்டு கோப்பில் இது எங்கே வந்து நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் ரேஞ்சுக்குள் போகவே வேண்டாம். கிரீன் கார்டு கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மற்றபடி, உரிமம் பெற்ற வியாபாரியிடம் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அவர் பின்னணி சரிபார்ப்பு நடத்துவார். கைத்துப்பாக்கி என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்து வியாபாரி வழியாகத்தான் கைக்கு வரும். மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு, நியூ ஜெர்சியில் முன்கூட்டியே வாங்கும் அனுமதிச் சீட்டு, நியூ யார்க்கில் உரிமம். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது குற்றம், அவர் முழுப் பணம் கொடுத்தாலும்.

கடையில், கவுண்டரில் வைத்து

பைக் மெக்கானிக் டாப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் ஒன்றும் சின்ன டார்ச் ஒன்றும் கொண்டுபோங்கள். ட்ரிகரை வெறுமனே இழுத்துப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எந்தச் சோதனைக்கு முன்னும் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தடவிப் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்திருந்தாலும் சரி. சிலிண்டரைக் கையால் அமுக்கி மூடுங்கள். சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சுண்டி மூடினால் அதைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். யாராவது அப்படி மூடுவதைக் கண்டால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிட்டு, பெட்டி பிரிக்காத வேறொன்றைக் கேளுங்கள்.

முதலில் காலப் பொருத்தம். இடது கட்டைவிரலால் சிலிண்டரின் பக்கவாட்டில் லேசாகத் தடை கொடுத்துக்கொண்டே, ஹேமரை (ஊசியை அடிக்க வைக்கும் பின்பக்கச் சுத்தி) மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுவதும் பின்னால் வந்து நிற்பதற்கு முன்பே அல்லது அதே கணத்தில் சிலிண்டர் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை இன்னும் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் அந்த அறை பிந்துகிறது. ஆறு அறைகளுக்கும் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது சகஜம், அந்த ஒன்றுக்காகத்தான் இந்தச் சோதனை. வேகமாக இழுத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, சுழலும் வேகத்திலேயே சிலிண்டர் தானாகப் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் மெதுவாக.

அடுத்து, ஹேமர் பின்னால் நிற்கும்போது கட்டைவிரலால் அதை முன்னோக்கி ஓரளவு பலமாகத் தள்ளுங்கள். நழுவி விழுந்தால் வேண்டாம், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு ட்ரிகரை இழுத்து, ஹேமர் விழுந்த பின்னும் விடாமல் பிடித்தபடி சிலிண்டரை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸனில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பே. பழைய கோல்ட் பைத்தான் பாறைபோல் நிற்கும், அந்த அளவை இதில் எதிர்பார்க்கக் கூடாது. குண்டு குழல்வாயில் நுழையும்போது அந்தச் சிறிய ஆட்டம் அறை தானாக நேராகிக்கொள்ள இடம் கொடுக்கிறது. ஆறு அறைகளிலும் ஆட்டம் ஒரே அளவா என்பதுதான் முக்கியம்.

இனி இடைவெளி. சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். 0.004 முதல் 0.008 இஞ்ச் வரை நல்லது, 0.006 இருந்தால் சந்தோஷப்படலாம். அதாவது 0.15 மி.மீ., தடித்த தாள் ஒன்றின் கனம். 0.010-ஐத் தாண்டினால் வாயு பக்கவாட்டில் வீணாகி வேகம் குறையும், பக்கத்தில் நிற்பவர் மேல் துகள் தெறிக்கும். 0.003-க்குக் கீழே போனால் வேறு வம்பு. கடையில் வெண்ணெய்போலச் சுற்றும் சிலிண்டர், ஐம்பது ஈயக் குண்டு சுட்டதும் கரியும் ஈயமும் முகத்தில் ஒட்டிச் சூட்டில் விரிந்து உரச ஆரம்பிக்கும். சுடுபவர் ட்ரிகர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். இந்த அளவை இரண்டு விதமாக எடுங்கள்: சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒன்று, முன்னால் தள்ளி ஒன்று. உதாரணமாக 0.007-உம் 0.005-உம் வந்தால் வித்தியாசம் 0.002. அதுதான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் 0.003-க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வோர் அறைக்கும் இடைவெளியை அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய மாறுதல் இருந்தால் சிலிண்டரின் முகம் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு துப்பாக்கியை நேராக வைத்து, பின்னாலிருந்து மேல்விளிம்பைப் பாருங்கள். முன்குறி சட்டத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? குழலைச் சட்டத்தில் திருகும்போது சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ திருகிவிட்டால் முன்குறி சாய்ந்து நிற்கும். இன்றைய தயாரிப்புகளில் அவ்வப்போது தென்படுகிற குறை இது, எந்தப் பெயர் பொறித்திருந்தாலும். பின்குறியை ஒரு பக்கக் கடைசி வரை நகர்த்தினால்தான் குண்டு நடுவில் விழும் என்ற நிலை அதனால் வருகிறது. டார்ச்சை அடித்துக் குழலின் பின்வாயையும் முன்வாயையும் பாருங்கள். பின்வாயின் சரிவு வழவழப்பாக, வட்டமாக இருக்க வேண்டும். உளி தடுமாறிய வரிவரியான கோடுகள் இருந்தால் அங்கேதான் ஈயம் ஒட்டும். முன்வாயின் விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கம் இழுக்கும்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு இருந்தால் யாரோ சுட்டுவிட்ட பழைய துப்பாக்கி என்று கோபப்பட வேண்டாம். சிலிண்டரைப் பூட்டும் கொண்டி, அது விழ வேண்டிய பள்ளத்துக்குச் சற்று முன்னாலேயே விழுந்து உரசுவதால் வருகிற கோடு, தொழிற்சாலைச் சோதனையிலேயே வந்துவிடும். பள்ளத்தின் விளிம்பு நசுங்கியிருந்தால்தான் கவலை.

வீட்டில்

தோட்டாவை வேறு அறையில் பூட்டி வைத்துவிட்டு உட்காருங்கள். குழலுக்குள் தொழிற்சாலை எண்ணெய் நிறைய இருக்கும். உலர்ந்த துணியை இரண்டு மூன்று தடவை விட்டு எடுங்கள். சற்று இறுக்கமான துணியை மெதுவாகத் தள்ளும்போது கை எங்காவது கனக்கிறதா என்று கவனியுங்கள். சட்டத்தோடு குழல் சேரும் இடத்தில் மட்டும் இறுக்கம் தெரிந்தால், திருகும்போது குழல் அங்கே சற்று நெருங்கியிருக்கிறது. ஈயக் குண்டு அந்த இடத்தில் தேய்ந்து ஒட்டும்.

அறைகளின் முன்வாயையும் பார்க்கலாம். .358 விட்டமுள்ள வெறும் ஈயக் குண்டு சில வாங்கிக்கொள்ளுங்கள், தோட்டா அல்ல, குண்டு மட்டும். ஒவ்வோர் அறையின் முன்பக்கத்திலிருந்தும் பென்சிலால் தள்ளுங்கள். லேசான அழுத்தத்தில் போனால் சரி. தானாக விழுந்தால் அகலம் அதிகம், சுத்தி கேட்டால் குறுகல். மறுபடியும் அதேதான்: ஆறும் ஒரே மாதிரி போகின்றனவா? ஐந்தில் பென்சிலுக்குப் போய், ஆறாவதில் சிக்கினால் அந்த அறையின் எண்ணைக் குறித்துவையுங்கள். ரேஞ்சில் அதே அறை தனியாகப் பேசும்.

காலிக் கூடுகளை வெளியேற்றும் தண்டு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். சுடும்போது கழன்று முன்னால் நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்கவே திறக்காது, ரேஞ்சில் குண்டு நிரம்பிய துப்பாக்கியோடு நிற்க நேரும். இதன் மரை இடப்பக்க மரை. இறுக்க வேண்டுமானால் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருக வேண்டும். அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுக்கொண்டு இறுக்கினால் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்குச் சேதம் வராது. பிடியின் முன்பக்கம், கீழே, ஒரு சின்னத் திருகாணி உண்டு. பிரதான வில்லைத் தாங்குவது அது. அது முழுக்க இறுகியிருக்க வேண்டும். இழுப்பு லேசாகட்டும் என்று இதைத் தளர்த்தச் சொல்லும் ஆட்கள் எல்லா ரேஞ்சிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். ஹேமரின் அடி பலவீனமாகி, பத்துக்கு ஒன்று வெடிக்காமல் போகும்.

உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டை ஒருபோதும் நெம்பித் திறக்கக் கூடாது. திருகாணிகளைக் கழற்றிய பிறகு பிடிச் சட்டத்தில் மரச்சுத்தியின் பிடியால் தட்டினால் அதுவே எழும்பி வரும். புதுத் துப்பாக்கிக்கு இதற்கு அவசியமே இல்லை. திறக்காமல் இருப்பது உத்தரவாதத்துக்கும் நல்லது.

தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகலாம், 686 போன்ற சென்டர் ஃபயரில் பாதகமில்லை, போலித் தோட்டா போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. .22-இல் அப்படிச் செய்யக் கூடாது. ஊசி நேராக அறையின் விளிம்பில் போய் அடிக்கும். .22 என்றதும் சொல்லிவிடுகிறேன்: வாரம் தவறாமல் சுடப்போகிறவர்களுக்கு அதே நிறுவனத்தின் 617 செலவைப் பெருமளவு குறைக்கும், பிடியும் கையில் ஒரே மாதிரி உட்காரும். அதன் அறைகள் இறுக்கம், சில சிலிண்டர் சுட்டதும் கரி ஏறித் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டிவரும். ஒவ்வோர் ஐம்பதுக்கும் ஒரு தடவை அறைகளில் பிரஷ் விட்டால் போதும்.

தோட்டா

148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) வாட்கட்டர் இரண்டு நிறுவனங்களுடையது, ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி. பெட்டிக்கு ஐம்பது. வாட்கட்டரின் முகம் தட்டையாக இருப்பதால் காகிதத்தில் பஞ்ச் அடித்தாற்போல் வட்ட ஓட்டை விழும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சச்சரவு வராது. வேகம் நொடிக்கு சுமார் 210 மீட்டர்தான், உதைப்பும் குறைவு. கூடவே 158 கிரெயின் .38 ஒரு பெட்டி. .357 மேக்னம் வேண்டுமானால் ஒரு பெட்டி, அதுவும் கடைசியில். மறுநிரப்பு செய்த தோட்டாவை முதல் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். குறை துப்பாக்கியிலா தோட்டாவிலா என்று பிரிக்க முடியாது.

ரேஞ்சில்

பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்குள் இயர்பிளக், அதன்மேல் காதை மூடும் மஃப், மூன்றும் வேண்டும். முதல் தடவை ஒரே ஒரு தோட்டா. பிறகு இரண்டு. பிறகு ஆறு. எந்த நிலையிலும் சிலிண்டரின் முன்பக்கத்தை ஒட்டி விரலை வைக்காதீர்கள். பிஸ்டல் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அந்த விரல் இடைவெளியிலிருந்து பீறிடும் வாயுவுக்கு நேராக நிற்கும், .357 என்றால் சதையைக் கிழிக்கும்.

இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குத் திசையிலேயே முப்பது நொடி வைத்திருந்து பிறகு திறங்கள். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, ‘புஸ்’ என்று வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சிலிண்டர் திறக்க மறுத்தால் குண்டு பாதி அறையிலும் பாதி குழலிலுமாக நிற்கிறது. பலவந்தம் வேண்டாம், ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

முதல் ஆறு கூடுகளை எடுத்ததும் கூட்டின் அடியில் உள்ள பிரைமரில் (ஊசி அடித்ததும் பற்றவைக்கும் சிறு மூடி) ஊசி விழுந்த இடத்தைப் பாருங்கள். நடுவில், ஒரே ஆழத்தில் விழுந்திருந்தால் நல்லது. ஓர் அறையின் கூட்டில் மட்டும் ஓரமாக விழுந்திருந்தால் கவுண்டரில் செய்த காலப் பொருத்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். மேசைமேல் துப்பாக்கியின் இரு பக்கமும் கையளவு தள்ளி வெள்ளை அட்டை நிறுத்தி ஆறு சுடுங்கள். புகைக்கரி படிவது இயல்பு. ஒரு பக்க அட்டையில் மட்டும் பளபளவென்று ஈயச் சீவல் குத்தியிருந்தால் ஏதோ ஓர் அறை கோணலாக நிற்கிறது, குண்டின் ஓரம் குழல்வாயில் சீவப்படுகிறது.

இப்போது முக்கியமான வேலை. அழியாத மை பேனாவால் சிலிண்டரின் வெளிப்பக்கம் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். 25 கெஜத்தில், அதாவது 22.86 மீட்டரில், ஆறு தனித்தனி வட்டங்கள் உள்ள தாளை மாட்டுங்கள். மணல் மூட்டையில் கைகளையும் சட்டத்தின் முன்பகுதியையும் சாயுங்கள், குழல் எதிலும் படக் கூடாது. ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைத்து ஒற்றை இழுப்பில் சுடுங்கள். 1-ஆம் அறைக்கு முதல் வட்டம், 2-ஆம் அறைக்கு இரண்டாவது, இப்படி அறைக்கு ஐந்து குண்டு. மொத்தம் முப்பது.

குறிப்பிட்ட ஓர் அறையை எப்படிச் சுட வைப்பது? ஸ்மித் அண்ட் வெஸன் சிலிண்டர் பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே தோட்டா போட்ட அறை, மூடும்போது கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும். ஹேமரை இழுத்ததும் அது 12 மணிக்கு வந்து குழலுக்கு நேராகும். கோல்ட் வலஞ்சுழி, அதில் 10 மணி இடம்.

வாட்கட்டரில் நல்ல 686, மூட்டைமேல் வைத்துச் சுட்டால் ஐந்து குண்டை நாலு முதல் ஆறு செ.மீ.-க்குள் போடும். அமெரிக்கப் புல்ஸ்ஐ போட்டியின் 25 கெஜத் தாளில் பத்தாம் வளையம் 3.36 இஞ்ச், அதாவது எட்டரை செ.மீ. எனவே துப்பாக்கியின் பங்கு அந்த வளையத்துக்குள் அடங்கிவிடும், மிச்சம் கையின் பொறுப்பு. முப்பதும் சுட்ட பிறகு ஆறு கூட்டங்களின் நடுப்புள்ளியையும் ஒப்பிடுங்கள். ஐந்து ஒரே இடத்தில் இருந்து, 4-ஆம் அறை மட்டும் ஐந்து செ.மீ. இடப்பக்கம் போயிருந்தால், இன்னொரு நாள் வரிசையை மாற்றி, முடிந்தால் வேறொருவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். மறுபடியும் 4-ஆம் அறையே விலகினால் அது துப்பாக்கியின் குறை. இந்தச் சோதனை இல்லாமல் ஆறையும் ஒரே வட்டத்தில் சுட்டிருந்தால், ஆறுக்கு ஒன்று விலகுவதைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் உங்கள் விரலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அறைகள் ஒத்துப்போகின்றன என்று தெரிந்த பிறகுதான் குறியைத் தொட வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், மேலே போக மேலே. எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு: இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள நீளத்தை விலகலால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். குறிகளின் இடைநீளம் 200 மி.மீ., விலகல் 50 மி.மீ., தூரம் 22,860 மி.மீ. என்றால் விடை 0.44 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் இரண்டிரண்டு கிளிக்காகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஐந்து சுட்டுப் பாருங்கள். முன்குறியில் சிவப்புப் பட்டை இருந்தால் வெயிலில் அதன் விளிம்பு கலங்கும், கறுப்புச் சதுர முன்குறியாக மாற்றுவது நான் முதலில் செய்யச் சொல்லும் செலவு.

தோட்டா மாறினால் குறியும் மாறும். எடை குறைந்து வேகமாகப் போகும் குண்டு கீழே படும், கனத்து மெதுவாகப் போவது மேலே படும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. அதற்குள் உதைப்பில் குழல்முனை கொஞ்சம் கூடுதலாக எழும்பிவிடுகிறது. அதனால் வாட்கட்டருக்கு வைத்த குறியை அதற்கே விட்டுவிடுங்கள்.

ஹேமரைக் கையால் இழுத்து வைக்காமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் இரட்டை இழுப்பைக் கடைசி ஐம்பதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு பத்து பவுண்டுக்கு மேல் இருக்கும். விரலின் நுனிச் சதைக்குப் பதில் முதல் மூட்டின் மடிப்பை ட்ரிகரில் வைத்தால் நேராக வரும். அந்த மடிப்பு எட்டவில்லை என்றால் பிடி உங்கள் கைக்குப் பெரிது. நடுவில் எங்காவது இழுப்பு திடீரென்று கனத்தால், முதலில் நட்சத்திரத் தகட்டின் அடியைப் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் ஒன்றிரண்டு அங்கே சிக்கினாலே தகடு பின்னால் தள்ளப்பட்டு உரசும். குழல் முனையை வானம் பார்க்க நிமிர்த்திக் கூடுகளை வெளியேற்றினால் துகள் அங்கே போகாது.

சுட்ட பிறகு

கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும். ஈயம். வீட்டில் குழந்தை இருந்தால் சட்டை மாற்றாமல் தூக்காதீர்கள்.

.38 சுட்ட அறைகளில், கூட்டின் வாய் முடியும் இடத்தில் ஒரு கரி வளையம் படியும். துடைக்காமல் விட்டால் பிறகு .357 முழுக்க உட்காராது. வெண்கலப் பிரஷை ஒவ்வோர் அறையிலும் பத்துத் தடவை சுழற்றி இழுங்கள். குழலைப் பின்னாலிருந்து துடைக்கச் சட்டம் இடம் தராது. முன்வாயிலிருந்து போக வேண்டியிருப்பதால், விளிம்பைக் காக்கும் வழிகாட்டி வளையத்தைத் தண்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்வாயில் ஈயம் ஒட்டியிருந்தால் சுத்தமான செம்புக் கம்பிச் சுருளைப் பழைய பிரஷில் சுற்றித் தேய்த்தால் உரிந்து வரும். செம்பு முலாம் பூசிய இரும்புச் சுருளும் கடையில் கிடைக்கும், காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். நட்சத்திரத் தகட்டின் அடியில் எண்ணெய் விடாதீர்கள், துகளைப் பிடித்து வைப்பதே அதுதான். கடைசியாக இடைவெளியை மறுபடி அளந்து எழுதி வையுங்கள். முன்னூறு தோட்டாவுக்குப் பிறகும் ஒரு தடவை அளந்தால் முன்பின் ஆட்டம் கூடுகிறதா என்று தெரியும்.

ஓர் அறை பிந்துகிறது, முன்குறி சாய்கிறது, ஒரே அறை இரண்டு நாளும் விலகுகிறது என்றால் உள்ளூர் ஆளிடம் கொடுத்து நோண்ட வேண்டாம். உற்பத்தி நிறுவனத்துக்கு எழுதுங்கள், பழுதுக்கு அனுப்பும் முறையை அவர்களே சொல்லி, வழக்கமாகக் கூரியர் லேபிளையும் அனுப்புவார்கள். பிடியில் மாற்றம் செய்திருந்தால் பழையதை மாட்டி அனுப்புங்கள். ‘சரியாகச் சுடவில்லை’ என்று மட்டும் எழுதினால், பலகையில் மாட்டி ஆறு சுட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த அறை, எத்தனை குண்டு, எந்தத் தோட்டா, எவ்வளவு விலகல், இடைவெளி அளவுகள் ஆகியவற்றை எழுதி, அறை எண் குறித்த அந்த ஆறு வட்டத் தாளையும் மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். சிலிண்டரில் போட்ட எண்களை அழிக்காமல் அனுப்புங்கள்.